ஓடுற தண்ணியில மேயுற மீனு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், 'நாங்கள் செய்யும் தொழில்' என்ற அமர்வில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னாடி பேசின அக்கா கல்லிடைக்குறிச்சி அப்பளத்தைப் பத்திப் பேசினாங்க. எல்லாரும் தலையாட்டிக் கேட்டீங்க. நான் மீன் தொட்டியைப் பத்திப் பேச வந்திருக்கேன். "குழம்புக்கு மீன் வாங்கவே வழியக் காணோம், இதுல பாக்குறதுக்கு ஒரு மீனா" என்று பின்வரிசையில் ஒரு மைனி சொன்னது எனக்கும் கேட்டது. தப்பில்லை மைனி. நாலு வருஷத்துக்கு முன்னாடி எங்க குழுவில் இந்தத் தொழிலை நான் சொன்னப்போ எங்க ஊக்குநரும் இதையேதான் சொன்னாங்க.

நாங்க 12 பேர் உள்ள குழு. அதில் 5 பேர் சேர்ந்து உள்கடன் வாங்கி, வீட்டுக்குப் பின்னாடி சிமெண்ட் தொட்டி கட்டி, கப்பி, மோலி வளர்க்க ஆரம்பிச்சோம். குட்டி போடுகிற மீன் என்பதால் தாய் மீனை வாங்கிவிட்டால் போதும், தானே பெருகும். அதைக் கடைகளுக்குக் கொடுத்தோம். அதில் கை பழகின பிறகு, வீடு, கடை, ஆஸ்பத்திரி வரவேற்பறை என்று கேட்கிற இடத்தில் செடி வைத்த கண்ணாடித் தொட்டி அமைத்துக் கொடுக்கிற வேலைக்கு வந்தோம்.

தொட்டி வைக்கிறவங்க எல்லாரும் முதலில் கேட்கிற கேள்வி ஒண்ணுதான். "பாசி பிடிக்காம இருக்க ஏதாவது மீன் இருக்கா? கழுவுற வேலை இல்லாம அதுவே தின்னுடணும்." கடைகளில் இதுக்கென்றே ஒரு மீன் வச்சிருக்காங்க. கறுப்பா, முதுகெல்லாம் முள்ளா, கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு கிடக்கும். 'டேங்க் கிளீனர்' என்பார்கள். சக்கர் மீன் என்றும் பேர். வாங்கும்போது விரல் நீளம் இருக்கும். ஒழுங்காக வளர்ந்தால் ஒரு அடிக்கு மேல் போகும். பெரிதான பிறகு பாசியை விட்டுவிட்டு மற்ற மீனுக்குப் போடுகிற இரையைத் தின்னும், செடியைப் பிடுங்கும், தின்ற அளவுக்குக் கழிவும் போடும். அப்புறம் தொட்டி தாங்காது என்று தூக்கிக்கொண்டு போய்க் குளத்தில் விட்டுவிடுகிறார்கள். அது தென் அமெரிக்காவில் இருந்து வந்த மீன். இன்னைக்குத் தமிழ்நாட்டு ஏரி குளங்களில் பெருகிக் கிடக்கிறது. வலையில் மாட்டினால் முள் வலையைக் கிழிக்கும், விலைக்கும் போகாது. மீன்பிடிக்கிற குடும்பங்களைக் கேட்டுப் பாருங்க, சொல்லுவாங்க.

நாங்க அந்த மீனை விற்கிறதில்லை என்று தீர்மானப் புத்தகத்திலேயே எழுதி வச்சிருக்கோம். சரி, அதுக்குப் பதிலா எதைக் கொடுப்பது? அந்தக் கேள்விக்கு விடை தெரிய எங்களுக்கு ஒன்பது மீன் உயிரும் ஒரு வாடிக்கையாளர் முகமும் செலவாச்சு. அதைத்தான் இன்னைக்குச் சொல்லப்போறேன்.

ஒரு பல் மருத்துவர் தன் மருத்துவமனை வரவேற்பறைக்குச் செடியோடு தொட்டி கேட்டார். கண்ணாடி சுத்தமா இருக்கணும், பாசி மேயுற மீன் வேணும் என்றார். கொளத்தூர் வியாபாரி வழியா 'பாண்டா கர்ரா' என்ற மீனில் 12 வாங்கினோம். சென்னை கொளத்தூர் வண்ண மீனுக்குப் பேர்போன இடம், உங்களில் சிலருக்குத் தெரிஞ்சிருக்கும். இந்த மீன் பர்மாவின் மேற்குப் பக்கத்து ஓடைகளில் உள்ளது. 2004-ல்தான் விஞ்ஞானிகள் இதுக்குப் பேர் வச்சாங்க. மூணு அங்குலம்தான் வளரும். உடம்பில் மஞ்சளும் கறுப்பும் பட்டை பட்டையா, பார்க்க லட்சணமா இருக்கும். அடர்த்தியா செடி வச்சு, ஒரு சின்ன ஃபில்டர் போட்டு, மீனை விட்டோம். ரொம்ப அழகா இருந்தது. போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன்.

கிளம்பும்போது டாக்டர் கேட்டார், "ராத்திரி ஆஸ்பத்திரியைப் பூட்டிருவோம். மோட்டாரை நிறுத்திட்டுப் போகலாமா?" நான்தான் சொன்னேன். வேற யாரும் இல்ல, நான்தான். "தாராளமா நிறுத்துங்க சார், கரண்ட் மிச்சம். செடிதான் இவ்வளவு இருக்கே, அது ஆக்சிஜன் கொடுக்கும்."

மூணாம் நாள் காலையில் போன் வந்தது. போய்ப் பார்த்தால் ஒன்பது மீன் செத்து, பம்பு பக்கத்து மூலையில் ஒதுங்கிக் கிடக்கு. மூணு மட்டும் மேல் தண்ணியில் வாயை வச்சு மூச்சு வாங்கிக்கிட்டு இருக்கு. உள்ளே பேஷண்ட் குழந்தை ஒண்ணு, "எல்லாம் தூங்குதாம்மா?" என்று கேட்டது. என்னால் அந்தப் பிள்ளை முகத்தைப் பார்க்க முடியலை.

நான் சொன்னதில் பாதி உண்மை. பாதி உண்மைதான் ஆபத்து. செடி ஆக்சிஜன் கொடுக்கும், வெளிச்சம் இருக்கும்போது. விளக்கை அணைச்ச பிறகு செடியும் நம்மை மாதிரிதான், ஆக்சிஜனை எடுத்துக்கும். அடைச்ச அறை, வைகாசி வெயில், ஏசியும் நிறுத்தியாச்சு, தண்ணி அசையலை, செடியும் மீனும் இருக்கிற கொஞ்ச ஆக்சிஜனுக்குப் போட்டி. விடியறதுக்கு முன்னாடிதான் ஆக்சிஜன் ரொம்பக் குறையும். அந்த நேரத்தில் போயிருக்கு.

அன்னைக்குச் சாயங்காலம் குழுக் கூட்டம். எங்க பொருளாளர் அக்கா கணக்கு நோட்டைத் திறந்து வச்சுக்கிட்டு, "மீன் செத்ததுக்கு அவர் காரணமா, நாம காரணமா? அதை முதல்ல சொல்லு" என்றாங்க. நான் சொன்னேன், நாமதான். மீன் விலையையும் அமைச்சுக் கொடுத்த கூலியையும் திருப்பிக் கொடுப்பது என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். ரெண்டு பேருக்கு மனசில்லை. "இப்படித் திருப்பிக் கொடுத்துக்கிட்டே இருந்தா கடன் தவணை யார் கட்டுறது?" என்று கேட்டாங்க. நியாயமான கேள்விதான். அந்த மாசம் என் பங்குத் தவணையை நான் முறுக்குச் சுத்தித்தான் கட்டினேன்.

மறுநாள் எங்க அத்தைகிட்ட இதைச் சொல்லி அழுதேன். அவங்க நாற்பது வருஷம் தாமிரபரணியில் துணி துவைச்சவங்க. மீன் படத்தைப் போனில் காட்டினேன். பார்த்த உடனே, "இது நம்ம கல்லொட்டி சாடைல்லா? இதைப் போய் நின்ன தண்ணியில விட்டியே கிறுக்கி" என்றாங்க.

அத்தை சொன்னது சரிதான். கல்லொட்டியும் அந்தப் பாண்டா மீனும் ஒரே கர்ரா இனம். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் இந்த இனத்தில் பல வகை உண்டு. களக்காட்டுப் பக்கம் கண்டுபிடிச்ச ஒண்ணுக்கு 'கர்ரா களக்காடென்சிஸ்' என்று நம்ம ஊர்ப் பேரையே வச்சிருக்காங்க. கீழ் உதட்டில் வட்டமா ஒரு தட்டு மாதிரி இருக்கும். அதை வச்சுப் பாறையில் ஒட்டிக்கொண்டு, எவ்வளவு வேகத்தில் தண்ணி வந்தாலும் அடிச்சுக்கொண்டு போகாமல் நின்று மேயும்.

அந்த வாரமே அத்தையைக் கூட்டிக்கிட்டு பாபநாசத்துக்குப் போனேன். படித்துறையில் பொரி போட்டால் கூடி வருகிற மீனை எல்லாரும் பார்த்திருப்பீங்க. அது வேற. அத்தை என்னைத் தண்ணி சலசலன்னு இறங்குகிற பாறைப் பக்கம் கூட்டிப் போனாங்க. குனிஞ்சு பார்த்தா, வழுக்குப் பாறை மேலே விரல் நீளத்தில் கல்லொட்டி. ஆடு புல் மேயுற மாதிரி மேய்ந்துக்கிட்டு இருக்கு. பத்தடி தள்ளி ஒரு கசம், ஆழமா அசையாம கிடக்கு. அங்கே ஒண்ணுகூட இல்லை.

அன்னைக்கு மூணு விஷயம் புரிஞ்சது. இந்த மீனுக்கு முதல் தேவை ஓட்டம். ரெண்டாவது, வெயில் பட்டுப் பாசி பிடிச்ச கல். மூணாவது, ஓட்டத்தில் இருந்து ஒதுங்கிக்கொள்ள ஒரு மறைவு. செடி எல்லாம் அதுக்குப் பிறகுதான்.

ஓட்டம் ஏன் என்றால், தண்ணி மேல்மட்டம் குலுங்கினால்தான் காற்றில் இருக்கிற ஆக்சிஜன் உள்ளே கரையும். குளிர்ந்த தண்ணி ஆக்சிஜனை அதிகமா வச்சுக்கும், சூடான தண்ணி வச்சுக்காது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணியில் 9 மில்லிகிராம் வரை கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். நம்ம ஊர் கோடையில் தொட்டித் தண்ணி 30-ஐத் தாண்டும். அதனால் ஓட்டத்தை நாம்தான் உண்டாக்கிக் கொடுக்கணும்.

இப்போ நாங்க தொட்டி அமைக்கிற முறையைச் சொல்றேன். செய்ய விரும்புகிற குழு எழுதிக்கலாம்.

தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். உயரத்தைவிட நீளம்தான் முக்கியம், ஓட்டத்துக்கு இடம் வேணும். இதில் 250 லிட்டர் தண்ணி பிடிக்கும். தண்ணி, கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் 300 கிலோவுக்கு மேல் போகும். ஆகவே ஸ்டாண்டு பலமா இருக்கணும், ரசமட்டம் வச்சுப் பார்க்கணும், தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் விரிக்கணும். சன்னல் வெயில் நேரா விழுகிற இடம் வேண்டாம், தண்ணி சுட்டுப் போகும்.

அடுத்து ஓட்டம். சாதாரணத் தொட்டிக்கு மணிக்கு நாலஞ்சு தடவை தண்ணி சுத்தினால் போதும். இதுக்குக் குறைந்தது பத்து தடவை. அதாவது 250 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 2,500 லிட்டராவது தள்ளணும். நாங்க ஒரே பெரிய பம்பு போடுவதில்லை. மணிக்கு 1,500 லிட்டர் தள்ளுகிற பம்பு ரெண்டு போடுகிறோம். ஒண்ணு ரிப்பேரானாலும் இன்னொண்ணு மீனைக் காப்பாத்தும். குழுவில் கையெழுத்துப் போட ரெண்டு பேரை வச்சிருக்கோம் இல்லையா, அது மாதிரி.

ரெண்டு பம்பும் ஒரே ஓரத்தில், ஒரே பக்கம் பார்த்து இருக்கணும். எதிரெதிரா வச்சால் தண்ணி மோதிச் சுழலும், ஆறு மாதிரி ஓடாது. இன்னொரு வழியும் உண்டு. வீட்டுக்குக் குழாய் போடுகிற முக்கால் அங்குல பிவிசி பைப்பைத் தொட்டித் தரையில் நீளவாக்கில் ரெண்டு வரிசை போடணும். ஒரு முனையில் எல்போ வச்சு மேலே ஏத்திப் பம்பு உறிஞ்சுகிற வாயில் சொருகணும். மறு முனையிலும் எல்போ வச்சு மேலே ஏத்தி, துளை போட்ட பைப்பில் ஸ்பாஞ்சு மாட்டணும். பம்பு இந்த ஓரத்தில் தண்ணியைத் தள்ளும், உறிஞ்சுவது அந்த ஓரத்தில். மேலே ஓடிப் போகிற தண்ணி கல்லுக்கு அடியில் பைப் வழியாத் திரும்பி வரும். ஸ்பாஞ்சே ஃபில்டராகவும் வேலை செய்யும். பைப்பை இறுக்கிச் சொருகினால் போதும், பசை வேண்டாம். எங்க குழுவில் இந்தப் பைப் வேலையைச் செய்வது, வீட்டுக்காரர் பிளம்பராக இருந்து காலமான ஒரு தங்கச்சி. அவர் விட்டுப்போன ரம்பமும் அளவு டேப்பும்தான் இன்னைக்கு எங்க தொழில் கருவி.

எந்த முறையானாலும் உறிஞ்சுகிற வாயில் ஸ்பாஞ்சு கட்டாயம். இல்லைன்னா சின்ன மீனை இழுத்துரும். தள்ளுகிற வாய் தண்ணி மட்டத்துக்குச் சற்றுக் கீழே, லேசா மேல்நோக்கி இருந்தால் மேல்தண்ணி அலையடிக்கும்.

கரண்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. பம்பு வயர் பிளக்குக்குப் போகும் முன்னாடி கீழே தொங்கி வளைஞ்சு பிறகு மேலே ஏறணும். அப்போ வயர் வழியா வழிகிற தண்ணி வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. அந்த லைனில் ஷாக் அடிச்சால் தானே நிற்கிற பிரேக்கர் இருக்கணும். தண்ணிக்குள் கை வைக்கும் முன்னாடி எல்லா சுவிட்சையும் அணைக்கணும்.

கல்லுக்கு வருவோம். உருண்டைக் கூழாங்கல்லும், கை அகலத்துக்குச் சில பெரிய கல்லும் வேணும். ஆற்றில் அள்ளக் கூடாது, கடையில் வாங்குங்க. கல் மேலே வினிகர் ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்க. நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கு, தண்ணியைக் கடினமாக்கும், வேண்டாம். பெரிய கல்லை முதலில் தரையில் அசையாமல் உட்கார வச்சு, பிறகு கூழாங்கல் பரப்பணும். கூழாங்கல் மேலே பெரிய கல் வச்சால் அது சரிஞ்சு கண்ணாடியை உடைக்கும், மீனையும் நசுக்கும். பெரிய கல்லுக்குப் பின்னாடி ஓட்டம் தணியும். மீன் களைச்சுப் போனால் ஒதுங்குகிற இடம் அதுதான்.

செடியில் எல்லாம் இந்த ஓட்டத்தைத் தாங்காது. மண்ணில் ஊன்றுகிற மெல்லிய தண்டுச் செடி பிடுங்கிக்கொண்டு மிதக்கும். கல்லில் ஒட்டி வளர்கிற செடி வேணும். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், ஜாவா மாஸ் மூணும் நல்லது. நூலால் கல்லில் கட்டலாம், ஃபெவிக்விக் ஒரு சொட்டு வச்சும் ஒட்டலாம். ஃபெர்னுக்கும் அனுபியாஸுக்கும் இஞ்சி மாதிரி கிடக்கிற கிழங்கை மண்ணில் புதைச்சால் அழுகிவிடும், வெளியே தெரியணும். ஓட்டம் குறைந்த ஓரத்தில் கிரிப்டோகோரைன் ஊன்றலாம். நாட்டு மருந்துக் கடையில் நாட்டு அதிவிடயம் என்று கிழங்கு கிடைக்கும், அதுவும் அந்தச் செடி இனம்தான். நாடா மாதிரி நீளமா வளருகிற வாலிஸ்நேரியாவும் வைக்கலாம். தண்ணியோடு சாஞ்சு ஆடும்போது ஆத்தங்கரையே வீட்டுக்குள் வந்த மாதிரி இருக்கும். விளக்கு நாளுக்கு 7, 8 மணி நேரம் போதும்.

இதுவரைக்கும் ரெண்டு நாள் வேலை. அதுக்குப் பிறகு வேலை எதுவும் இல்லை, காத்திருக்கணும். அதுதான் கஷ்டம்.

மீன் கழிவில் இருந்து அமோனியா வரும். அது விஷம். ஒரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். அது அவ்வளவு கெடுதல் இல்லை, செடி எடுத்துக்கும், தண்ணி மாத்தும்போதும் போயிரும். இந்த நுண்ணுயிர்கள் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் குடியேற நாலில் இருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் இல்லாமலே பம்பு ஓடணும், தினம் ஒரு சிட்டிகை மீன் தீவனம் போடணும். பாலைத் தோய்க்க உறை ஊத்துகிறோம் இல்லையா? அதே மாதிரி எங்க பழைய கப்பித் தொட்டி ஸ்பாஞ்சைப் புதுத் தொட்டியில் பிழிஞ்சு விடுவோம். சீக்கிரம் 'தோய்ஞ்சிரும்'. ஆனாலும் சொட்டு மருந்து ஊத்திப் பார்க்கிற டெஸ்ட் கிட்டில் அமோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம் என்று காட்டின பிறகுதான் மீன். வாடிக்கையாளர் அவசரப்படுவார். "அடுத்த வாரம் கிரகப்பிரவேசம், அன்னைக்கு மீன் ஓடணும்" என்பார். இப்போ நாங்க அந்த மாதிரி ஆர்டரை ஏத்துக்கிறதில்லை.

காத்திருக்கிற நாளில் இன்னொரு நல்லதும் நடக்கும், கல்லில் பாசி பிடிக்கும். முதலில் பழுப்பா வரும், பிறகு பச்சை. வாடிக்கையாளர் போன் பண்ணுவார், "தொட்டி அழுக்காயிடுச்சு" என்று. அது அழுக்கு இல்லைங்க, மேய்ச்சல். இதைச் சொல்லிப் புரிய வைக்கிறதுதான் இந்தத் தொழிலில் பாதி. முன் கண்ணாடியை மட்டும் துடைங்க, பின் கண்ணாடியையும் கல்லையும் மீனுக்கு விட்டுருங்க என்போம். கண்ணாடி கண்ணாடியா எல்லாத்தையும் துடைச்சுட்டுப் பாசி மேயுற மீனை விட்டால், ஆட்டைக் கொண்டுபோய் சிமெண்ட் தரையில் கட்டின மாதிரி. வயிறு ஒட்டிச் செத்துப்போகும். சுத்தம் பண்ணத்தான் மீன் என்று விற்கிற இடத்தில் எல்லாம் இந்தப் பாவம் நடக்குது.

பத்து மீனுக்குத் தொட்டிப் பாசி மட்டும் காணாது. அதுக்கு நாங்க மொட்டை மாடியில் 'கல் தோட்டம்' வச்சிருக்கோம். பிளாஸ்டிக் டப்பில் தண்ணி ஊத்திக் கூழாங்கல் போட்டு வெயிலில் வச்சால், பத்துப் பதினஞ்சு நாளில் பச்சைப் படியும். அந்தக் கல்லைத் தொட்டியில் வச்சு, மேய்ஞ்சு வழுவழுன்னு ஆன கல்லைத் திரும்ப டப்பில் போடுவோம். சுழல் நிதி மாதிரி சுத்திக்கிட்டே இருக்கும். ஒரு எச்சரிக்கை, டப்பில் கொசு முட்டை போடும், அப்புறம் டெங்குதான் மிஞ்சும். நாலு கப்பி விடுங்க, புழுவைத் தின்றுவிடும். அல்லது வலை கட்டுங்க. வாரம் ரெண்டு நாள் பாதி வேக வச்ச கீரை, வெள்ளரி, பீர்க்கங்காய்த் துண்டு கல்லில் கட்டிப் போடலாம். பூச்சிமருந்து போக நல்லாக் கழுவணும், மிச்சத்தை அன்னைக்கே எடுத்துரணும். ஸ்பைருலினா மாத்திரைத் தீவனமும் கொடுக்கலாம்.

மீனைக் கூட்டமா விடணும், எட்டு, பத்து. ஒண்ணு ரெண்டு விட்டால் ஒண்ணை ஒண்ணு விரட்டிக்கிட்டே இருக்கும். மேல் தண்ணியில் நீந்த டேனியோ மாதிரி ஓட்டம் பிடிச்ச மீன் சேர்க்கலாம். தங்கமீன், ஃபைட்டர் எல்லாம் இதில் கூடாது, ஓட்டம் அதுகளுக்குத் தண்டனை. தொட்டிக்கு மூடி அவசியம். ஈரமான பாறையில் ஏறிப் பழகின சாதி இது, கண்ணாடியிலும் ஏறி வெளியே வந்துரும்.

வாரம் ஒரு தடவை கால்வாசித் தண்ணி மாத்தணும். குளோரின் போட்ட குழாய்த் தண்ணியை ஒரு நாள் பிடிச்சு வச்சு, காற்றுக் குமிழ் விட்டு ஊத்தணும். ஸ்பாஞ்சைத் தொட்டியில் இருந்து எடுத்த தண்ணியிலேயே பிழியணும். குழாய்த் தண்ணியில் கழுவினால் 'உறை' செத்துப்போகும். கோடையில் ஒரு சின்ன ஃபேனைத் தண்ணி மேலே வீச விட்டால் ரெண்டு மூணு டிகிரி குறையும். ஆவியாகிற தண்ணிக்கு ஈடு ஊத்திக்கிட்டே இருக்கணும்.

பம்பு நாள் முழுக்க ஓடணும். ராத்திரி கட்டாயம் ஓடணும். இதை நான் இப்போ ஒவ்வொரு தொட்டியிலும் அட்டையில் எழுதி ஒட்டிட்டு வர்றேன். 20 வாட் பம்பு ரெண்டு நாள் முழுக்க ஓடினாலும் ஒரு நாளைக்கு ஒரு யூனிட்தான். விளக்கும் சேர்த்து ரெண்டு மாசத்துக்கு 75 யூனிட் பக்கம் வரும். இதை முன்கூட்டியே சொல்லிருவோம். இது முடியாதுன்னு சொல்றவங்களுக்குக் கப்பித் தொட்டி வச்சுக் கொடுக்கிறோம். அதுவும் அழகுதான். கரண்ட் போனால் தானே ஓடுகிற பேட்டரி காற்றுப் பம்பு ஒண்ணு கூடவே வைக்கிறோம். அதுக்குத் தனிக் காசு கேட்கிறதில்லை, தொட்டி விலையிலேயே சேர்த்துட்டோம்.

இங்கே ஒரு தங்கச்சி இடைவேளையில் என்னைக் கேட்டாங்க. "நம்ம ஆத்துலயே கல்லொட்டி கிடக்கே அக்கா, பிடிச்சு வித்தா காசு மிச்சம்தானே?" வேண்டாம்மா. மேலே இருக்கிறது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். அங்கே மீன் பிடிக்கிறது குற்றம். கீழேயும் வேண்டாம். கேரளத்து ஆறுகளில் 'மிஸ் கேரளா' என்று ஒரு மீன். தொட்டிக்காகப் பிடிச்சுப் பிடிச்சே குறைஞ்சு, இன்னைக்கு அழியும் ஆபத்தில் உள்ள மீன் பட்டியலில் இருக்கு. நம்ம ஆத்துக் கல்லொட்டிக்கு அந்த கதி நம்ம கையால் வர வேண்டாம். அதே மாதிரி, தொட்டி மீனை ஆத்தில் கொண்டுபோய் விடவும் வேண்டாம். வளர்க்க முடியலைன்னா எங்ககிட்ட திருப்பிக் கொடுங்க, வாங்கிக்கிறோம் என்று விற்கும்போதே சொல்றோம். பண்ணையில் பொரிச்ச மீனா என்று கேட்டுத்தான் நாங்களும் வாங்குகிறோம்.

முறையா ஒரு பயிற்சி வேணும் என்கிறவங்களுக்கு, மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரிங்க. சென்னை மாதவரத்தில் மீன்வளப் பல்கலைக்கழக வளாகமும் இருக்கு. எங்களை மாதிரி செத்த மீனைப் பார்த்துத்தான் கத்துக்கணும்னு இல்லை.

கடைசியா அந்தப் பல் டாக்டர். பணத்தைக் கவரில் போட்டு நானும் பொருளாளர் அக்காவும் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் வாங்க மறுத்தார். அக்கா மேசையில் வச்சுட்டு, "எங்க நோட்டுல எழுதியாச்சு சார், நீங்க வாங்கலைன்னா கணக்கு இடிக்கும்" என்றாங்க. எட்டு மாசம் கழிச்சு அவரே கூப்பிட்டார். காலித் தொட்டி அப்படியே இருக்கு, நீங்களே வந்து திரும்ப அமைங்க என்றார். இந்தத் தடவை ஆறு வாரம் காத்திருந்தார். மருத்துவமனையைப் பூட்டின பிறகும் ஓடுகிற மாதிரி தொட்டிக்கு மட்டும் தனி லைன் இழுத்தார். அந்த மிச்சம் மூணு மீனை எங்க வீட்டில் வச்சுக் காப்பாத்தியிருந்தேன். புது மீன் ஏழோடு அதையும் சேர்த்து விட்டோம்.

போன வாரம் ஸ்பாஞ்சு கழுவப் போயிருந்தேன். காத்திருக்கிற பிள்ளைகள் எல்லாம் தொட்டிக்கு முன்னாடிதான் உட்கார்ந்திருக்கு. அதில் ஒரு பையன் அவங்க அம்மாகிட்ட, "இதுக வேகமா ஓடுற தண்ணியில எப்படிம்மா விழாம நிக்குது?" என்று கேட்டான். அந்த அம்மாவுக்குச் சொல்லத் தெரியலை. நான் கையைத் துடைச்சுக்கிட்டுப் போய், உதட்டுக்குக் கீழே இருக்கிற தட்டைக் காட்டிச் சொல்லிக் கொடுத்தேன்.

எங்க பங்குக் கடனில் இன்னும் மூணு தவணை பாக்கி. மேலாளர் ஐயா இங்கேயே இருக்காங்க, தை மாசத்தில் முடிச்சிருவோம் ஐயா. இந்தத் தொழில் செய்ய நினைக்கிற எந்தக் குழுவும் எங்க வீட்டுக்கு வாங்க, கல் தோட்டத்தையும் பைப் வேலையையும் காட்டுறேன். பின்வரிசை மைனி, நீங்களும் வாங்க. வர்ற அன்னைக்குக் குழம்பு மீனும் வாங்கி வைக்கிறேன்.